நாக்குக்கட்டுக் குழந்தைக்கு வாய்ப் பயிற்சி: தொகுப்பில் எது உருப்படி, எது வேண்டாத வேலை

குழந்தைக்கு நாக்குக்கட்டு (நாக்கின் அடியில் இருக்கும் சவ்வு இறுகி அதன் அசைவைத் தடுப்பது) அல்லது உதட்டுக்கட்டு (மேலுதட்டை ஈறோடு இணைக்கும் சவ்வு இறுகியிருப்பது) இருக்கிறது என்று சொல்லப்பட்ட பெற்றோர் கையில் இப்போதெல்லாம் ஒரு 'பயிற்சித் தொகுப்பு' வந்து சேர்கிறது. ஒருமுறை உட்கார வைத்துச் செய்து காட்டுகிறார்கள். படம் போட்ட தாள் ஒன்று, கைபேசியில் பார்க்க வீடியோ ஒன்று, கையுறைப் பெட்டி, சில இடங்களில் சிலிக்கான் விரலுறை, தலையில் மாட்டும் விளக்கு, பிறகு ஒரு மறுபார்வை. தருபவர் பல் மருத்துவராகவோ, ஈ.என்.டி. மருத்துவராகவோ, தாய்ப்பால் ஆலோசகராகவோ, பேச்சுப் பயிற்சியாளராகவோ இருக்கலாம். யார் தந்தாலும் உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த உள்ளடக்கத்தைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தாளில் 'ஸ்ட்ரெட்ச்' என்று ஒரே தலைப்பின் கீழ் இருப்பவை உண்மையில் இரண்டு வேறு வேலைகள். ஒன்று, விரலால் மெல்லத் தூண்டி, குழந்தையே தன் நாக்கை நீட்டவும் குவிக்கவும் பக்கவாட்டில் திருப்பவும் சப்பவும் வைப்பது. இன்னொன்று, சவ்வை வெட்டிய பிறகு அந்தப் புண் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று நாக்கையும் உதட்டையும் விரலால் தூக்கிப் பிடிப்பது. முதலாவதை முறையாகக் கற்றுத் தந்தால் தொகுப்பு பெற்றதற்குப் பலன் உண்டு. இரண்டாவதற்கு ஆதாரம் மெலிது, தொல்லை அதிகம். பெரும்பாலான தாள்களில் இரண்டாவதுதான் தடித்த எழுத்தில் இருக்கிறது. முதலாவதை அடியில் ஓரிரு வரியில் முடித்துவிடுகிறார்கள்.

நீட்டி நீட்டி இளக்கிவிடலாமா?

வெட்டாமல் பயிற்சியாலேயே கட்டைத் தளர்த்தித் தருகிறோம் என்று விற்கப்படும் தொகுப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள். நாக்கின் அடியில் தெரிவது தனியாக ஒரு நாரோ கயிறோ அல்ல. வாயின் அடித்தளத்தில் பரந்து கிடக்கும் திசுப்படலமும் அதன்மேல் இருக்கும் சளிச்சவ்வும் நாக்கு மேலே எழும்போது மடிப்பாகத் தூக்கி நிற்கின்றன. படுக்கை விரிப்பின் நடுவைப் பிடித்துத் தூக்கினால் ஒரு முகடு எழுமே, அதுபோல. 2019-இல் வெளியான உடற்கூறு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. அந்தத் திசுவில் கொலாஜன் என்ற உறுதியான புரத இழை உண்டு. இரண்டு நிமிடம் விரலால் தூக்குவதால் அது நீளப்போவதில்லை.

அப்படியானால் பயிற்சியால் என்னதான் மாறும்? நாக்கின் தசை வேலை செய்யும் விதம் மாறும். முன்பக்கம் எழ முடியாத நாக்கோடு கருப்பையிலேயே பழகிய குழந்தை, ஈறால் கவ்வியோ, நாக்கின் பின்பகுதியைக் கூன்போலத் தூக்கியோ பால் குடிக்கக் கற்றிருக்கும். வெட்டிய பிறகும் பழக்கம் அப்படியே தொடரலாம். லேசான கட்டு உள்ள குழந்தைக்கோ, வெட்டத் தேவையே இல்லாமல் பழக்கத்தை மட்டும் திருத்தினால் போதுமானதாக இருக்கலாம். இந்த இரண்டு இடத்திலும்தான் பயிற்சிக்கு வேலை.

உருப்படியான பாதி

நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுங்கச் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும். மேலண்ணத்தின் தோல் மிக மென்மை. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவி, சோப்பு வாசனை போகும்வரை அலசுங்கள். வீட்டில் பெற்றோர் தன் குழந்தைக்குச் செய்ய, புண் ஏதும் இல்லாத வாய்க்கு, கழுவிய வெறுங்கையே போதும். வெறும் விரலில்தான் நாக்கின் அசைவு சரியாகத் தெரியும்.

நேரம் பால் கொடுப்பதற்குச் சற்று முன். கை வாய்க்குப் போகிறது, தலை பக்கவாட்டில் தேடுகிறது, ஆனால் இன்னும் அழவில்லை என்ற கட்டம்தான் சரி. அழுகை ஆரம்பித்துவிட்டால் நாக்கு பின்னால் சுருண்டு மேலே போய்விடும். அப்போது விரலைக் கொண்டுபோனால் இருவருக்கும் எரிச்சல்தான் மிச்சம். பால் குடித்தவுடன் செய்வது அதைவிட மோசம், ஓங்கரித்துக் கக்கிவிடும். முழங்காலை மடித்து உட்கார்ந்து, தொடையில் சாய்த்து, உங்கள் முகத்தைப் பார்க்கும்படி குழந்தையைப் படுக்க வையுங்கள். முகத்துக்கு முகம் 20 முதல் 30 செ.மீ. தூரம். புதிதாய்ப் பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் அவ்வளவுதான்.

வாய்க்கு வெளியேதான் தொடக்கம். காதுக்கு முன்னால் தாடை மூட்டிலிருந்து உதட்டோரம்வரை விரல் நுனியின் சதைப்பகுதியால் சிறு வட்டமாக மூன்று நான்கு முறை. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழாக மெல்ல ஒரு தடவல், தாடையில் ஒன்று. பிறகு கீழுதட்டின் நடுவில் விரலை வைத்துவிட்டுக் காத்திருங்கள். குழந்தை தானாக வாய் திறக்க வேண்டும். நல்ல தொகுப்பையும் சாதாரணத் தொகுப்பையும் பிரித்துக் காட்டுவது இந்தக் காத்திருப்பைச் சொல்லித் தருகிறார்களா என்பதுதான். திறக்காத வாய்க்குள் விரலை நுழைத்தால், அடுத்த முறை விரலைக் கண்டதுமே உதட்டை இறுக்கிக்கொள்ளக் குழந்தை கற்றுக்கொள்ளும். வேண்டாத பாடம் அது. பத்து விநாடி பார்த்தும் திறக்கவில்லையென்றால் அந்த வேளைக்கு விட்டுவிடுங்கள்.

வாய் திறந்ததும் கீழ் ஈறு. சுண்டுவிரலின் சதைப்பகுதியை ஈற்றின் நடுவில் வைத்து, மேல்விளிம்பில் ஒரு பக்கமாக மெதுவாக நகர்த்தி மீண்டும் நடுவுக்கு வாருங்கள். நாக்கின் ஓரத்துக்குப் பக்கத்தில் ஏதாவது பட்டால் நாக்கு அந்தப் பக்கம் திரும்பும். பிறவியிலேயே உள்ள அனிச்சைச் செயல் அது. உங்கள் விரலை நாக்கு பின்தொடர்வதைப் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கமும் மூன்று நான்கு முறை போதும். ஒரு பக்கம் நன்றாக வந்து மறுபக்கம் வரவே இல்லை என்றால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தலையை எப்போதும் ஒரே பக்கம் திருப்பிப் படுக்கும் குழந்தையிடம் இது அடிக்கடி தெரியும். அங்கே சிக்கல் கழுத்துத் தசையின் இறுக்கமாகவும் இருக்கலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

அடுத்தது சப்புதல். மொத்தத் தொகுப்பிலும் மதிப்புள்ள ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வோம். சுண்டுவிரலின் சதைப்பகுதி மேலே அண்ணத்தைப் பார்க்க, நகம் கீழே நாக்கைப் பார்க்க, மெல்ல உள்ளே விடுங்கள். முதல் கணு அளவுக்குப் போனால் போதும். அண்ணம் கடினமாக இருக்கும் பகுதியிலேயே விரல் நிற்க வேண்டும். அது மெத்தென்று மாறும் இடத்தைத் தொட்டால் ஓங்கரிக்கும். பச்சிளங்குழந்தைக்கு ஓங்கரிப்பு பெரியவர்களைவிட முன்னாலேயே வந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அண்ணத்தைச் சற்றே வருடினால் குழந்தை சப்பத் தொடங்கும்.

இப்போது விரல் என்ன உணர்கிறது என்று கவனியுங்கள். நாக்கு கீழ் ஈற்றைத் தாண்டி முன்னே வந்து, இரு ஓரமும் எழுந்து, விரலைச் சுற்றிக் குழியாகப் பிடித்து, முன்னிருந்து பின்னாக அலைபோல நகர்ந்தால் நல்ல சப்பல். விரலின் நடுவில் ஈறு நறுக்நறுக்கென்று கடித்தால் நாக்கு முன்னே வரவில்லை என்று பொருள். நாக்கின் பின்பகுதி மட்டும் விரலை மேலே தள்ளுவது, 'டக்' என்ற சத்தத்தோடு பிடி விட்டுப்போவது, நாலு சப்பலுக்குள் ஓய்ந்துவிடுவது, ஒவ்வொன்றும் ஒரு தகவல். பிடி நன்றாக இருக்கும்போது விரலைச் சில மில்லிமீட்டர் மட்டும் மெதுவாக வெளியே இழுங்கள். குழந்தை விடாமல் உள்ளே இழுக்கும். விடுங்கள், மீண்டும் இழுங்கள். இந்த இழுபறியில்தான் நாக்கின் நடுப்பகுதிக்கு வேலை. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்வரை. பிறகு விரலை எடுத்துவிட்டு உடனே மார்பில் போடுங்கள். விரலில் வந்த அசைவு மார்பிலும் தொடர்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

பல தாள்களில் இதற்கு அடுத்ததாக, வாய்க்குள்ளேயே விரலைத் திருப்பி நாக்கின் மேற்பரப்பை அழுத்தி வெளியே இழுக்கும் பயிற்சி இருக்கிறது. வீட்டில் புதிதாகச் செய்பவர்கள் இதை விட்டுவிடலாம். விரல் திரும்பும்போது நகம் அண்ணத்தைக் கீறும், அழுத்தம் சற்றுக் கூடினாலும் ஓங்கரிக்கும், சப்பலின்போதே கிடைக்கும் பலனைவிட இதில் கூடுதலாக ஒன்றும் இல்லை. தேர்ந்த கை செய்யட்டும்.

நாக்கை நீட்டிக் காட்டுவது, கீழுதட்டைத் தொட்டு நாக்கை வெளியே வரவழைப்பது ஆகியவற்றால் கெடுதல் இல்லை. குழந்தை பார்த்துச் செய்தாலும் சரி, சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி. விழித்திருக்கும்போது கண்காணிப்பில் குப்புறப் போடுவதையும் சிலர் சேர்க்கிறார்கள், நல்ல சேர்க்கைதான். தாடையும் நாக்கும் முன்னே வந்து தொங்க இடம் கிடைக்கிறது, கழுத்துக்கும் பலம். ஓரிரு நிமிடமாக, நாளில் பல முறை. தூங்குவது மட்டும் எப்போதும் மல்லாந்துதான்.

மொத்தமும் சேர்த்து ஒரு வேளைக்கு இரண்டு மூன்று நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு வேளை. இதற்கு மேல் கேட்கும் தாள் பெற்றோரின் நேரத்தை மதிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

உதடு

உதட்டுக்கட்டுப் பகுதிதான் தொகுப்புகளில் மிகவும் ஊதிப் பெரிதாக்கப்பட்டது. மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சவ்வு ஏறக்குறைய எல்லாக் குழந்தைக்கும் இருக்கும். பச்சிளங்குழந்தைகளில் அது ஈற்றின் விளிம்புவரை இறங்கியிருப்பது சாதாரணம். தாடை வளர்ந்து பல் வரும்போது மேலே ஒதுங்கிக்கொள்ளும். பால் குடிக்கும்போது மேலுதடு மீன் வாய்போலப் பிதுங்கி விரிய வேண்டும் என்று வீடியோக்கள் காட்டுகின்றன. தேவையில்லை. உள்ளே மடங்கிச் சிக்காமல் மார்பின்மேல் சும்மா படிந்திருந்தால் போதும். மடங்கியிருந்தால் சுண்டுவிரல் நுனியால் எடுத்துவிடுங்கள், முடிந்தது விஷயம்.

இறுக்கமாக இருக்கும் மேலுதட்டுக்கு வெளியிலிருந்து தடவிக் கொடுப்பதும், சுட்டுவிரலை உதட்டுக்கு உள்ளேயும் கட்டைவிரலை வெளியேயும் வைத்து, நடுச்சவ்வைத் தொடாமல் அதன் இருபக்கமும் மென்மையாக உருட்டிவிடுவதும் குழந்தைக்குப் பிடிக்கும். பக்கத்துக்கு ஐந்து விநாடி. இதனால் சவ்வு தேயும், மறையும் என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கன்னத்துக்குள் இருக்கும் சவ்வையும் சேர்த்து வெட்டச் சொல்லும் இடத்தில் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

புண்ணைத் தூக்கிப் பிடிக்கும் பயிற்சி

இங்குதான் சண்டை. வெட்டிய பிறகு நாக்கின் அடியில் சாய்சதுர வடிவில் ஒரு புண் இருக்கும். ஓரிரு நாளில் அதன்மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு படலம் வரும். அது சீழ் அல்ல, புண் ஆறும்போது வரும் ஃபைப்ரின் படலம். மஞ்சள் காமாலை இருந்த குழந்தைக்கு இன்னும் மஞ்சளாகத் தெரியும். துடைத்து எடுக்கக் கூடாது. ஓரிரு வாரத்தில் சுருங்கி மறையும். தையல் போடாத புண் சுருங்கித்தான் ஆறும். அப்படிச் சுருங்கும்போது மேல்பாதியும் கீழ்பாதியும் ஒட்டிக்கொள்ளும் என்பது பயிற்சி சொல்பவர்களின் வாதம். கேட்கச் சரியாகத்தான் படும். ஆனால் பயிற்சி செய்தால் அப்படி ஒட்டுவது குறைகிறது என்று காட்டத் தகுந்த ஆதாரம் இல்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2024-இல் வெளியிட்ட அறிக்கை, வெட்டிய பிறகு இப்படி இழுத்து நீட்டும் பயிற்சியைப் பரிந்துரைக்கவில்லை. பலனுக்குச் சான்று இல்லாததோடு, வாயருகே எது வந்தாலும் குழந்தை வெறுக்கும் நிலை வரலாம் என்பதும் அதற்குக் காரணம்.

தாள்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை என்பதையும் பாருங்கள். நாளுக்கு மூன்று முறை என்கிறது ஒன்று, ஆறு முறை என்கிறது இன்னொன்று. இரவில் அலாரம் வைத்து எழுப்பியாவது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை செய் என்கிறது மற்றொன்று. ஒரு வாரம், மூன்று வாரம், ஆறு வாரம் என்று காலமும் இஷ்டத்துக்கு மாறுகிறது. மருந்தாக இருந்தால் அளவு இப்படி ஆளுக்கு ஆள் மாறுமா?

ஆனாலும், வெட்டிய மருத்துவர் காரணம் சொல்லி, நேரில் காட்டி, செய்யச் சொல்லியிருக்கலாம். அவர் சொல்லை நாங்கள் இங்கிருந்து மாற்றச் சொல்லவில்லை. செய்வதென்றால் தவறில்லாமல் செய்ய வேண்டும், பெரும்பாலான தாளில் படம் தெளிவாக இல்லை.

குழந்தையை சமதளத்தில் மல்லாந்து படுக்க வைத்து, தலை உங்கள் பக்கமும் கால் எதிர்ப்பக்கமும் இருக்க, தலைமாட்டில் உட்காருங்கள். கையை இன்னொருவர் மெல்லப் பிடித்துக்கொள்ளட்டும், அல்லது துணியால் சுற்றிவிடுங்கள். வெளிச்சம் வாய்க்குள் விழ வேண்டும், கண்ணில் படக் கூடாது. பவுடர் இல்லாத நைட்ரைல் (லேட்டக்ஸ் இல்லாத செயற்கை ரப்பர்) கையுறை. இரண்டு சுட்டுவிரலையும் வாயின் இரு ஓரங்களிலிருந்து நுழைத்து, நாக்கின் அடியில் புண்ணுக்கு இருபுறமும் வையுங்கள், புண்ணின்மேல் அல்ல. நாக்கை நேராக மேலே, அண்ணத்தை நோக்கி, சற்றுப் பின்பக்கமாகத் தூக்குங்கள். சாய்சதுரம் மேலும் கீழுமாக நீண்டு முழுதாகத் தெரியும் இடத்தில் மூன்று முதல் ஐந்து விநாடி நிறுத்தி விடுங்கள். அவ்வளவுதான். உதட்டுப் புண்ணுக்கும் இதே கணக்கு: உதட்டை மூக்கை நோக்கி முழுவதும் தூக்கி, புண் விரிந்து தெரியும்வரை பிடித்து விடுவது. தேய்ப்பது, கிளறுவது, 'ரத்தம் வரும்வரை' அழுத்துவது எதுவும் கூடாது.

எங்கே பிசகுகிறது? தூக்குவதற்குப் பதிலாக விரல் கீழே வாயின் தரையை அழுத்துவதுதான் முதல் பிழை. அங்கே நடுக்கோட்டுக்கு இருபுறமும் சின்னஞ்சிறு மேடுகளாகத் தெரிபவை எச்சில் சுரப்பிக் குழாயின் வாய்கள். அவற்றை நசுக்கக் கூடாது. இரண்டாவது, குழந்தை அழுதுகொண்டு நாக்கைப் பின்னுக்கு இழுக்கும்போது நுனியைப் பிடித்து இழுப்பது. அதனால் புண் விரிவதே இல்லை, வலி மட்டும்தான். மூன்றாவது, முதல் நாட்களில் பயந்து சரியாகச் செய்யாமல் விட்டுவிட்டு, ஒட்டிவிட்டதோ என்று ஒரு வாரம் கழித்துப் பலமாக அழுத்திப் பிரிக்கப் பார்ப்பது. பாதி ஆறிய புண்ணைப் பிய்த்தால் புதுப் புண்தான் வரும், ரத்தமும் வரும். ஒட்டியிருக்கிறதோ என்ற சந்தேகம் மருத்துவர் பார்க்க வேண்டியது, வீட்டு விரலுக்கு உரியதல்ல.

ஓரிரு சொட்டு ரத்தம் எச்சிலோடு கலந்து வருவதைக் கண்டு பயப்பட வேண்டாம். அடுத்த மலத்தில் விழுங்கிய ரத்தம் கருங்கோடாகத் தெரிவதும் உண்டு. சொட்டுக்கு மேல் வந்தால் முதலில் பால் கொடுங்கள். சப்பும்போது நாக்கே புண்ணை அழுத்தி நிறுத்திவிடும். நிற்கவில்லையா, சுத்தமான காஸ் துணியை மடித்துப் புண்ணின்மேல் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுநடுவே எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம், கட்டும் ரத்தம் மீண்டும் கலையும். அப்படியும் நிற்கவில்லை என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுதான். பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் ரத்தம் உறையாத நோய் உண்டா என்ற இரண்டு கேள்வியையும் வெட்டுவதற்கு முன்பே கேட்காத இடம் எங்கள் கணக்கில் தேறாது.

பெட்டியில் வரும் சாமான்கள்

நைட்ரைல் கையுறை சரி. லேட்டக்ஸ் கையுறை வேண்டாம், ஒவ்வாமைக்கு வழி. கையுறை தளர்வாக இருந்தால் நுனியில் ரப்பர் மடிந்து ஈற்றில் உரசும். உங்கள் அளவு பார்த்து வாங்குங்கள்.

விரல் நுனிக்கு மட்டும் மாட்டும் சிறு உறைகள் ஆபத்து. எச்சிலில் வழுக்கி வாய்க்குள் கழன்றுவிட்டால் மூச்சுக்குழாயை அடைக்கும். மயிர் வைத்த சிலிக்கான் விரல் பிரஷ் பல் வந்த குழந்தைக்கானது. சப்பல் பயிற்சிக்கு அது தடிமன், நாக்கின் அசைவும் விரலுக்குத் தெரியாது. புண் உள்ள வாய்க்கு எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதிரும் கருவிகளுக்குப் பெரிய பெயர் வைத்து விற்கிறார்கள். சிகிச்சையாளர் கையில் சில குழந்தைகளுக்கு உதவலாம். வீட்டுக்கு வாங்கி வைக்கும் பொருள் அல்ல. தலைவிளக்கு புண்ணைப் பார்க்கும் நாட்களில் உண்மையிலேயே உதவும், குறைந்த வெளிச்சத்தில் வைத்து. இரு கையும் ஓய்வாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

மரத்துப்போக வைக்கும் ஜெல் பெட்டியில் இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுங்கள். பென்சோகெய்ன் உள்ள ஜெல்லை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகும் மெத்ஹீமோகுளோபினீமியா என்ற ஆபத்து அதில் உண்டு. மேலும் மரத்துப்போன நாக்கால் எப்படிச் சப்ப முடியும்? புண்ணில் தேன் தடவச் சொல்லும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது, தசைகளைச் செயலிழக்க வைக்கும் பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். வலிக்குப் பால், தோலோடு தோல் அணைப்பு, இவையே முதல் மருந்து. பாரசிட்டமால் தேவைப்பட்டால் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும், அதுவும் மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தை என்றால் கேட்காமல் ஒரு சொட்டும் வேண்டாம். அந்த வயதில் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் வந்தால் புண்ணால் வந்தது என்று நினைத்து வீட்டில் காத்திருக்காமல் உடனே காட்டுங்கள்.

தாளில் இல்லாதது

தொகுப்புகளின் பெரிய குறை, பால் குடிப்பதைப் பார்க்காமலே பயிற்சி எழுதித் தருவது. நாக்குக்குப் பால் குடிப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. எட்டு முதல் பன்னிரண்டு முறை தினமும் நடக்கிறது, குழந்தைக்கும் பிடித்திருக்கிறது. அதைச் சரியாக அமைப்பதை விட்டுவிட்டு விரல் வேலையை மட்டும் கற்றுத் தந்தால் என்ன பயன்? தாய் பின்னால் சாய்ந்து, குழந்தையின் வயிறு தாயின் மேல் ஒட்டி, மூக்கு காம்புக்கு நேராக இருக்க, முதலில் தாடை மார்பில் பட வேண்டும். வாய் அகலத் திறந்த நொடியில் தோள்களைப் பிடித்து அருகே அணைப்பது. தலையைப் பின்னாலிருந்து தள்ளினால் குழந்தை எதிர்த்துப் பின்னுக்கு வளையும், வாய் பாதி மூடும், காம்பு நசுங்கும். பால் குடித்து முடித்த காம்பு லிப்ஸ்டிக் நுனிபோலச் சாய்ந்து வெளியே வந்தால் பிடி ஆழமாக இல்லை என்று பொருள். எந்தத் தாளிலும் இதைவிடத் தெளிவான அளவுகோல் இல்லை. புட்டியில் குடிக்கும் குழந்தைக்கும் உட்கார்ந்த நிலை, கிடைமட்டமாகப் பிடித்த புட்டி, மெதுவாக வரும் காம்பு, நடுநடுவே நிறுத்தம் என்று சொல்லித் தரவேண்டும்.

வெட்டுவது பற்றிய எதிர்பார்ப்பையும் நேர்மையாகச் சொல்லும் இடம் அரிது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வு, மொத்தம் 302 குழந்தைகளைக் கொண்ட ஐந்து சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. தாயின் காம்பு வலி கொஞ்ச காலத்துக்குக் குறைகிறது என்பது தெரிந்தது. குழந்தை குடிக்கும் விதம் மேம்படுவது சீராகத் தெரியவில்லை. ஆகவே வலி குறைந்தும் சப்பல் இன்னும் சுமாராக இருந்தால் பயிற்சி சரியாகச் செய்யவில்லை என்று தாயைக் குற்றம் சொல்லும் மறுபார்வை மோசமான மறுபார்வை.

நல்ல மறுபார்வையில் ஆடையில்லாமல் எடை பார்ப்பார்கள், ஒரு முழு வேளை பால் குடிப்பதை உட்கார்ந்து கவனிப்பார்கள், கையுறை போட்ட விரலில் சப்பலைச் சோதிப்பார்கள், தாயின் காம்பைப் பற்றிக் கேட்பார்கள். புண்ணை மட்டும் தூக்கிப் பார்த்து 'ஒட்டிவிட்டது, மறுபடி வெட்டணும்' என்று இரண்டு நிமிடத்தில் முடித்தால் ஒத்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம். சவ்வு எப்படித் தெரிகிறது என்பதைவிட நாக்கு என்ன செய்கிறது என்பதே கேள்வி.

பயிற்சியை நிறுத்த வேண்டிய அறிகுறிகள் தாளில் முதல் வரியாக இருக்க வேண்டும், பெரும்பாலும் இருப்பதே இல்லை. விரல் நெருங்கியதும் முகம் திருப்புவது, உதட்டை இறுக்குவது, தொடும் முன்பே ஓங்கரிப்பது, முன்பு நன்றாகக் குடித்த குழந்தை மார்பையோ புட்டியையோ கண்டு அழுவது, இவற்றில் ஒன்று வந்தாலே வாய்க்குள் விரல் போவதை அன்றோடு நிறுத்துங்கள். சில நாள் வெறும் அணைப்பும் பாலும். தணிந்த பிறகு வெளியிலிருந்து கன்னத் தடவலில் மீண்டும் தொடங்கலாம். தணியவில்லை என்றால், அல்லது ஐந்தாம் நாளுக்குப் பிறகு நாளுக்கு ஆறு ஈர டயபருக்குக் குறைந்தால், இரண்டு வாரம் ஆகியும் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை என்றால், குழந்தை நல மருத்துவரைப் பாருங்கள்.

மறுபக்கமும் உண்டு. நாளுக்கு 20 முதல் 30 கிராம் எடை ஏறுகிறது, தாய்க்கு வலியில்லை, விரலில் நாக்கு அலையாக நகர்கிறது என்றால் தாளில் இன்னும் மூன்று வாரம் மிச்சம் இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பயிற்சியை நிறுத்திக்கொள்ளலாம்.